முகத்தில் நின்ற வடு

முகப்பருவைப் பற்றி எழுதுவதற்கு வார இறுதி இலக்கியப் பக்கத்தில் இடமுண்டோ என்று வாசகர் சிலர் வினவக்கூடும். உண்டென்றே கூறுவோம். பருவோ வந்து போவது. அதன் வடுவோ வந்தால் நிற்பது. பெண் பார்க்க வந்த வீட்டார் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் பெண்ணின் படிப்பையும் குணத்தையும் மறந்து கன்னத்துப் பள்ளங்களை எண்ணிவிட்டுப் போகிற ஊர்கள் வேலணையில் மட்டுமா இருக்கின்றன? அவ்வாறு எண்ணியவர்களைத் திருத்துவது இக்கட்டுரையின் வேலையன்று. எண்ணப்பட்ட பிள்ளை அன்று மாலையே கடைத்தெருவுக்குச் சென்று பெயர் தெரியாத கிறீம் ஒன்றை வாங்குகிறாளே, அதைப் பற்றியே நமது கவலை.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். பரு ஆறியபின் எஞ்சும் கறுப்பு அல்லது சிவப்புப் புள்ளி வடுவன்று. அது வெறும் நிறமாற்றம். நம்மவர் போன்ற மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அது ஆழமாய்ப் படியும். ஆயினும் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில், பெரும்பாலும் தானே மங்கும். வேறுபாட்டை அறிய எளிய வழியொன்றுண்டு. இரவில் விளக்கை முகத்துக்கு நேரே பிடியாது பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பள்ளமாயின் அதற்கு நிழல் விழும், கறையாயின் விழாது. கறைக்குப் பணத்தைக் கொட்டி லேசர் செய்துகொண்டு, அச்சூட்டினாலேயே முன்னிலும் கறுத்துப் போனவர்களும் உண்டு.

வடு எவ்வாறு பிறக்கின்றது? மயிர்க்காலின் துவாரம் எண்ணெய்ப் பசையாலும் இறந்த தோற்செதில்களாலும் அடைபட்டு, உள்ளே வீங்கி, அதன் சுவர் உடைந்து, அழற்சி தோலின் கீழடுக்குக்குப் பரவுகின்றது. அங்கே தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்கள் அழிகின்றன. அழிந்ததை உடல் குறைவாகக் கட்டினால் பள்ளம். மிகையாகக் கட்டினால் மேடு. முகத்தில் பெரும்பாலும் பள்ளமே. தாடையோரம், மார்பு, தோள், முதுகு ஆகிய இடங்களில் மேடு எழுவதுண்டு. அதுவே பருவின் எல்லையையும் கடந்து வளர்ந்தால் கெலோயிட் என்பர். “முகத்தை நோண்டாதை, பிள்ளை” என்று நம் ஆச்சிமார் அதட்டினார்களே, அதில் வைத்தியம் இருந்தது. நகம் பட்ட பரு உள்நோக்கி உடைகின்றது.

பள்ளங்களிலும் மூன்று சாதி. முள் குத்தி எடுத்தாற்போல் வாய் சிறுத்து ஆழம் மிகுந்தது ஒன்று. கரை செங்குத்தாய், அடி தட்டையாய், அச்சில் அழுத்தியது போன்றது மற்றொன்று. மூன்றாவது, சாட்டிக் கடற்கரை மணலிற் காற்று இழுத்த கோலம் போல மேடும் பள்ளமும் மெல்ல மெல்ல மாறி வருவது. தோலை அடியிலிருந்து நார்கள் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருப்பதனால் வருவது அது. ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்திருப்பதும் வழமை. ஒரே மருந்து எல்லோருக்கும் உதவாததன் காரணம் இதுதான்.

வைத்தியர்கள் இப்பள்ளங்களோடு போராடத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1905ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் குரோமாயர் என்பவர் பல் வைத்தியரின் சுழல் கருவியைக் கொண்டு தோலைச் சுரண்டிப் பார்த்தார். 1953இல் அமெரிக்காவில் கேர்ட்டின் என்பவர் சுழலும் கம்பித் தூரிகையால் அதே வேலையைச் செய்தார். மேலடுக்கை உரித்துப் புதுத்தோல் வளரச் செய்யும் அம்முறை வெள்ளையர் தோலுக்கு ஓரளவு பொருந்திற்று. கருந்தோலுக்கோ திட்டுத் திட்டான நிறக்கேட்டை வைத்துப் போயிற்று. பின்வந்த முறைகள் மெல்லியவை. 1995இல் ஓரென்றிச் என்னும் பெயருடைய இருவர் விளக்கிய முறையில், ஊசியொன்றைத் தோலின் அடியிற் செலுத்தி இழுத்துப் பிடிக்கும் நார்களை அறுத்து விடுகிறார்கள். அலைப் பள்ளங்களுக்கு அது மிக ஏற்றது. 2002இல் கொரியாவிலிருந்து வந்த முறையோ வியப்பானது: கூரிய குச்சியின் நுனியால் செறிவு மிக்க அமிலத்தை முட்குத்துப் பள்ளத்தின் அடியில் மட்டும் தொட்டு வைப்பது. நுண்ணூசிகளால் தோலைத் துளைத்துக் கொலாஜனைத் தூண்டும் முறையில் சூடு இன்மையால், நம்மவர் தோலுக்கு நிறக்கேட்டின் அச்சம் குறைவு. 2004இல் அறிமுகமான, தோலைப் புள்ளி புள்ளியாக மட்டும் சுடும் லேசரும் உண்டு. அனுபவமுள்ள கையில் அது நன்று. எழுந்து நிற்கும் மேட்டு வடுவுக்கு ஸ்டீரோயிட் மருந்தை அதனுள்ளேயே ஊசியால் ஏற்றுவர். கெலோயிட்டை வெறுமனே வெட்டி எறிந்தால் முன்னிலும் பெரிதாய் மீள்வது சாதாரணம்.

ஊசிமூலம் வைத்தியர் ஏற்றும் அந்த ஸ்டீரோயிட் வேறு. “வெண்மையாக்கும்” என்ற பெயரில் கடைகளில் விற்கும் கிறீம்களில் மறைந்திருக்கும் ஸ்டீரோயிட் வேறு. இரண்டு வாரத்தில் முகம் பளபளக்கும், பரு அடங்கினாற்போலிருக்கும். பின்னர் தோல் மெலியும், இரத்த நாளம் தெரியும், மயிர் அடரும், புதுப்பருக்களும் கிளம்பும். விட்டாலோ முகம் எரியும். ஆகவே மீண்டும் பூசுவர். இவற்றுட் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசமும் கலந்திருப்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்துத் தந்தார். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் குழாய்களில் உள்ளடக்கம் எம்மொழியில் இருக்கின்றதென்று ஒரு முறை திருப்பிப் பாருங்கள். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலிற் போவதும் தகாது; அது தோலைப் புண்ணாக்கிக் கருக வைக்கும்.

பரு கிளம்பும் காலத்திலேயே சிகிச்சை தொடங்குவது பிந்திய எல்லா முறைகளிலும் மேலானது. அல்லைப்பிட்டியும் மண்டைதீவும் கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனால், தோல் வைத்தியரைக் கட்டணமின்றிக் காணலாம். லேசர் முதலியன பெரும்பாலும் தனியார் இடங்களிலேயே, செலவும் மிகுதி. கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை பெரும் பயன் தருவது; ஆனால் அதை உண்ணும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கலாகாது. கருவிலுள்ள சிசுவுக்கு அங்கக்கேடு விளையும். கலியாணம் நிச்சயமான பெண்ணுக்கு இம்மாத்திரை எழுதும்போது வைத்தியர் கேட்கத் தவறினாலும் பெண்ணின் தாயார் இதனைச் சொல்லத் தவறலாகாது.

எம்முறையும் பள்ளத்தை முழுதாய் நிரப்பிவிடாது, ஆழத்தைக் குறைக்கும். நான்கைந்து அமர்வுகள், அவற்றுக்கிடையே ஏறத்தாழ ஒவ்வொரு மாத இடைவெளி, அதன்பின் கொலாஜன் ஊறுவதற்குச் சில மாதங்கள் என்று கணக்கு நீள்கின்றது. அதுவரை புகையிலைத் தோட்டத்து வெயிலில் நிற்பவருக்குக் குடையும் தொப்பியும் வெயிற்காப்புக் களிம்பும் மருந்தின் பாதி. ஆவணியிற் கலியாணம் என்றால் ஆடியிற் போய் வைத்தியரை நெருக்குவதிற் பயனில்லை. முந்திய ஐப்பசியிலேயே போதல் வேண்டும். போகும்போது முதல்நாளே, ஒரே சாளரத்தின் ஒரே வெளிச்சத்தில், ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாள்தோறும் பார்க்கும் கண்ணாடி மாற்றத்தைக் காட்டாது.