மரவை கடைதல்

தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் தமிழில் வினைச்சொல் ஒன்றே. கயிற்றை மாறிமாறி இழுத்து மத்தைச் சுழற்றுவது போலவே, பழைய கடைசற்காரர் மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னுமாக இழுக்கச் செய்து, சுழலும் மரத்தின்மேல் உளியை வைத்தனர். இரு தொழிலின் அசைவையும் கண்டவர்க்குச் சொல் ஒன்றாயிருத்தல் வியப்பன்று. இவ்வாறு கடைந்தெடுத்த மரக்கலத்திற்கு மரவை என்று பெயர். கல்லாற் செய்ததைக் கல்மரவை என்பதும் வழக்கு.

இன்று கயிற்றின் வேலையை மின்விசை செய்கிறது. வீட்டின் ஒரு மூலையில் வைக்கத்தக்க சிறிய கடைசல் இயந்திரங்களும் கிடைக்கின்றன. ஆயினும், உளி பிடிக்க நன்கு கற்றவரின் மரவையும் சில வாரங்களில் வெடித்துவிடுவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பிழையன்று. மரத்திலுள்ள நீரின் இயல்பை அறியாமையே. அதனை அறிந்தால், மரந் தேர்வது முதல் எண்ணெய் பூசுவது வரை ஒவ்வொரு செயலுக்கும் காரணம் விளங்கும்.

நீரும் சுருக்கமும்

புதுமரத்தில் நீர் இருவகையாக உள்ளது. மரத்தின் நுண்ணறைகளின் உள்வெளியில் நிற்பது ஒன்று. அவ்வறைகளின் சுவரில் ஊறியிருப்பது மற்றொன்று. முதல்வகை நீர் வெளியேறும்போது மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. நீரின் அளவு, உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கும்போதுதான் சுவர்நீர் வெளியேறி மரம் சுருங்கத் தொடங்கும். அச்சுருக்கமும் எத்திசையிலும் ஒத்ததன்று. மரத்தின் நெடுக்கில் அது மிகச் சிறிது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு, வளையங்களை ஒட்டிய திசையில் நிகழும். ஆகவே வட்டமாகக் கடைந்த பச்சைமரக் கலம் உலர்ந்தபின் முட்டை வடிவங் கொள்கிறது. சுவரின் தடிப்பு ஒத்திராவிட்டால், மெல்லிய பகுதி முன்னதாக உலர்ந்து சுருங்க, தடித்த பகுதி இடங்கொடாது நிற்க, இடையே வெடிப்புத் தோன்றுகிறது.

மரந் தேர்தல்

மலேசியா, சிங்கப்பூர்ச் சாலைகளில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் கடைசலுக்கு ஏற்றது. அது சுருங்குவது குறைவாதலின், ஹவாய்த் தீவினர் அதனைப் பச்சையாகவே கடைந்து புகழ்பெற்ற கிண்ணங்களைச் செய்தனர். சிங்கப்பூரில் 1960களின் இறுதியிலிருந்து மிகுதியாக நடப்பட்ட அங்சானா, நம் இலக்கியம் போற்றும் வேங்கைக்கு இனமாகும். பலாவும் மாவும் நல்லனவே. தோட்டங்களில் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின் வெட்டப்படும் பால்மரம் கடைய எளிது. ஆனால் வண்டும் பூஞ்சையும் விரைவில் பற்றும். கடைகளில் விற்கும் பால்மரப் பலகை பெரும்பாலும் மருந்தேற்றியதாகையால், உணவுக்கலத்திற்கு ஏற்றதா எனக் கேட்டறிந்தே வாங்க வேண்டும். மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த ரெங்காஸ் மரத்தை மட்டும் அறவே விலக்குக. அதன் பாலும் தூளும் பட்டால் தோல் கொப்பளிக்கும். இன்ன மரமென்று அறியாத கட்டையைக் கடையாதிருத்தலே அறிவுடைமை.

இருமுறை கடைதல்

கட்டையை நடுவில் நெடுக்காகப் பிளந்து, அதன் உள்மையத்தை நீக்கிவிட வேண்டும்; வெடிப்புகள் அங்கிருந்தே பரவும். பின் பச்சையாயிருக்கும்போதே கலத்தைத் தடிப்பாகக் கடைந்து நிறுத்துக. சுவரின் தடிப்பு குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு இருத்தல் முறை: 25 செ.மீ. கலத்திற்கு 2.5 செ.மீ. இத்தடிப்பு எதற்கெனில், முட்டை வடிவான பின்னும் உள்ளே ஒரு முழுவட்டம் எஞ்சுவதற்கே. இதனைத் தாளுறையிலிட்டு, வெயிலும் காற்றோட்டமும் படாத இடத்தில் வைத்து, வாரந்தோறும் நிறுத்து எடையைத் தாளின்மேல் எழுதி வருக. எடை குறையாது நின்றால் உலர்ந்ததென அறியலாம். இதற்குச் சில மாதங்கள் ஆகும். குளிரூட்டிய அறை மரத்தை மேலும் உலர்த்தும். ஆதலால் கலம் பயன்படவுள்ள அறையிலேயே இறுதி வாரங்களில் வைத்தல் நன்று. அதன்பின் மீண்டும் கடைந்து உருவை முடிக்கலாம்.

வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவு நோக்கியும் கடைந்தால் மரநார் பிய்யாது. தட்டு கடைவோர் நன்குலர்ந்த பலகையையே கொள்ள வேண்டும். அகன்று மெலிந்ததாகையால் அது எளிதில் கோணும். தட்டின் விளிம்பை முதலில் முடித்துவிடுக. நடுப்பகுதியைக் குடைந்தபின் விளிம்பிற்குத் திரும்பினால் அது அதிர்ந்து உளியைத் தட்டிவிடும்.

நிமிடத்திற்கு 1,000 சுற்று சுழலும் 25 செ.மீ. மரவையின் விளிம்பு, மணிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆகையால் சமனற்ற கட்டையை மிக மெதுவாகவே சுழற்றத் தொடங்க வேண்டும். முகக்கவசமும் தூசிக்காப்பும் இன்றியமையாதன. தொங்கும் ஆடை, சங்கிலி, விரிந்த கூந்தல் ஆகா. தூண்களை உருட்ட உதவும் அகன்ற குழியுளியை மரவைக்குப் பயன்படுத்துவது பேரிடர்.

மெருகு

உப்புத்தாளை 120, 180, 240, 320 என்னும் எண் வரிசையில் தேய்க்க வேண்டும். பின் ஈரத்துணியால் துடைத்து, எழும் நாரை உலர்ந்தபின் மறுபடியும் தேய்த்துவிட்டால், கழுவும்போது கலம் சொரசொரக்காது. அடுத்தது எண்ணெய். நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் இதற்குப் பயன்படாது. அது மரத்தில் இறுகாமல் நின்று சிக்கு நாற்றமெடுக்கும். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடித் திண்மமாக இறுகுவன. மெல்லிதாகப் பூசி, துடைத்து, உலரவிட்டு, மீண்டும் பூசுக. முழுதும் இறுகச் சில வாரங்கள் ஆகும். கடைகளில் ‘காய்ச்சிய’ ஆளி எண்ணெய் எனக் கிடைப்பதில் விரைந்துலர உலோகச் சேர்மங்கள் கலப்பதுண்டு. உணவுக்கலத்திற்கு அதைத் தவிர்க்க. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்; நீரில் நனைத்தோ விரித்து உலர்த்தியோ அகற்ற வேண்டும்.

எண்ணெய் நீரின் போக்குவரவைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றும் தடுக்காது. ஆகவே மரவையை நீரில் ஊறப்போடாமலும் வெயிலில் காயவைக்காமலும், கழுவியவுடன் துடைத்து வைக்க வேண்டும். கடைபவன் மாதக்கணக்கிற் காத்த பொறுமை, உண்பவனிடம் இச்சிறு கவனத்தையே வேண்டுகிறது. இருவரும் தத்தம் கடனை ஆற்றினால், புயலில் வீழ்ந்து விறகாக வேண்டிய மரம் அடுத்த தலைமுறையின் பந்தியிலும் இருக்கும்.