8 டெராபைட்டுக்கு ஓர் எல்லைக்கல்

லினக்ஸ் கணினியை பூட் செய்யும் ஒவ்வொரு தடவையும் கெர்னல் நினைவகத்தில் வேறு முகவரியில் போய் அமர்கிறது. உள்ளே புகப் பார்ப்பவன் முகவரியை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. கே.ஏ.எஸ்.எல்.ஆர். என்பார்கள்.

2014-இல் 3.14 பதிப்பில் வந்தபோது கெர்னலின் நிரல் பகுதி மட்டும்தான் இடம் மாறியது. 1 ஜிபி பரப்புக்குள், 2 எம்பிக்கு ஒரு நிறுத்தம் என்றால் மொத்தமே 500 சொச்சம் இடங்கள். விடாப்பிடியாகத் தேடுகிறவனுக்கு இது ஒரு பொருட்டல்ல. அதைவிட மோசம், ராம் முழுவதையும் கெர்னல் தன் முகவரிப் பரப்பில் ஒரே நீளமாகப் பதித்து வைத்திருக்கும் நேரடிப் பகுதி. அதன் தொடக்கம் அசையவே இல்லை. சாதாரண நிரல் தன் நினைவகத்தில் எழுதுவது அந்தப் பகுதி வழியாகக் கெர்னலுக்கும் தெரியும். அதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்த முடியும் என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே 2014-இல் செய்து காட்டினார்கள். 2016-இல் 4.8 பதிப்பில், கூகுளின் தாமஸ் கார்னியர் எழுதிய நிரலால் நேரடிப் பகுதியும் இடம் மாறத் தொடங்கியது. சராசரியாக 30,000 இடங்கள்.

ஆனால் இஷ்டத்துக்கு எங்கும் போய்விட முடியாது. 48 பிட் முகவரியில் கெர்னலுக்குக் கிடைப்பது 128 டெராபைட். அதன் முதல் 8 டெராபைட்டை, ஒரே கணினியில் பல இயங்குதளங்களை ஓட்டும் ஹைப்பர்வைசருக்கு ஒதுக்கியாக வேண்டும். கேம்பிரிட்ஜில் உருவான ஜென் என்ற ஹைப்பர்வைசர், இயங்குதளமே தன்னோடு ஒத்துழைக்கும் பாராவர்ச்சுவல் முறையில் ஓடும்போது லினக்ஸின் முகவரிப் பரப்புக்குள்ளேயே குடியிருக்கிறது. தனியாக வைத்தால், ஹைப்பர்வைசரை அழைக்கும் போதெல்லாம், முகவரிகளை ராமில் உள்ள இடங்களோடு இணைக்கும் பக்க அட்டவணையை மாற்ற வேண்டிவரும், வேகம் அடிபடும்.

இவ்வளவு முக்கியமான ஒதுக்கீடு நிரலில் தனியாக வரையறுக்கப்படவே இல்லை என்பதுதான் வேடிக்கை. நேரடிப் பகுதி தொடங்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். சர்வே கல் நடாமல் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து அடி அளந்து புறம்போக்கு நிலத்துக்கு எல்லை சொல்வது போல. 2018 இறுதியில் சுவர் நகர்ந்தது. மெல்ட்டவுன் என்ற செயலி ஓட்டையை அடைக்கும் ஏற்பாட்டில் இருந்த, நினைவகப் பிரிவுகளை விவரிக்கும் எல்.டி.டி. அட்டவணை, இடம் மாறும் பகுதிக்குள் விழுந்து மோதியது. அதை எடுத்து நேரடிப் பகுதிக்கு முன்னால் வைத்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்த, நியாயமான மாற்றம். ஆனால் எல்லைக் கணக்கு தப்பிப்போய், ஜென்னின் நிர்வாக இயங்குதளமான டோம் 0 பூட் ஆகும்போதே விழுந்தது.

திருத்தம் எளிது: அந்த 8 டெராபைட்டின் தொடக்கத்தையும் முடிவையும் நிரலில் நேரடியாக எழுதிவிட்டார்கள். கெர்னலின் மற்ற பகுதிகள் எப்படி நகர்ந்தாலும் இது மாறாது, ஹைப்பர்வைசர்கள் இதை நம்பியிருக்கின்றன என்ற விளக்கமும் சேர்ந்தது. என்னைக் கேட்டால், எதை நகர்த்துவது என்று யோசிப்பதற்கு முன்பே, 2016-இலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

ஜென் மேல் சர்வர் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புதிய கெர்னலை ஏற்றுமுன் வேறொரு கணினியில் டோம் 0 பூட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.