சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் கேட்கிறது?

பள்ளித் திடல், கோயில் வளாகம், தோட்ட அலுவலகத்தைச் சுற்றியுள்ள புல்வெளி போன்ற விரிந்த இடங்களில் ஆள் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியை மலேசியாவில் காணலாம். தோளில் மாட்டும் இயந்திரத்தால் நாள் முழுக்கச் செய்யும் வேலையை அது சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் காலையில் அது கிளம்ப மறுத்தால், பிற்பகல் மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை அப்படியே நின்றுபோகும். புல் வெட்டும் சிறு குத்தகையாளருக்கு அன்றைய வருமானமும் போய்விடும்.

அந்த அவசரத்தில் பலர் முதலில் வாங்குவது புது பேட்டரி. அதிலும் கிளம்பாவிட்டால் ஸ்டார்ட்டர், பிறகு கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். கடைசியில் கோளாறு இருக்கைக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சில் என்று தெரியவரும்போது கையிலிருந்த காசு கரைந்திருக்கும். எதையும் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறதா, இல்லையா?

சத்தமே இல்லை என்றால் பாதுகாப்பு சுவிட்சுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கை மிதித்து, கத்தியை இயக்கும் விசையை நிறுத்தி வைத்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். சிலவற்றில் இருக்கையில் ஆளும் இருக்க வேண்டும். பிரேக் மிதிக்கு அருகில் ஈரப்புல் அடைந்து காய்ந்து, சுவிட்ச் முழுதாக அழுந்தாமல் போவது உண்டு. கொட்டகையில் நிற்கும் வண்டியின் வயரை எலி கடித்திருப்பதும் உண்டு. ஃபியூசையும் மறக்கக் கூடாது.

'டிக்' என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றால் சந்தேகம் பேட்டரியின் பக்கம் திரும்பும். முழுதாக மின்னேற்றிய பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதில் சத்து அதிகம் இல்லை. ஆனாலும் சும்மா இருக்கும்போது அளப்பது போதாது. சாவியைத் திருப்பும்போதே அளந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். சரியாமல் நின்றும் என்ஜின் சுற்றவில்லை என்றால், முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி, துருப்பிடித்த எர்த் இணைப்பு, சோலனாய்ட், ஸ்டார்ட்டர் இவற்றில் ஒன்றில்தான் குறை. நம் நாட்டு ஈரக் காற்றில் எர்த் இணைப்பு துருப்பிடிப்பது சாதாரணம். ஐந்து நிமிடம் உப்புத்தாளால் தேய்த்தால் போதும், பேட்டரி வாங்கும் செலவு மிஞ்சும்.

சோலனாய்டின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்பும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கியர் விழுந்திருந்தால் வண்டி பக்கத்தில் நிற்பவர் மேலேயே ஏறிவிடும்.

இன்னொரு கோளாறு ஆளை ஏமாற்றக் கூடியது. என்ஜின் அரைச்சுற்று சுற்றி, எதிலோ முட்டியதுபோல் நின்றுவிடும். பார்ப்பவர் எல்லாரும் பேட்டரியைத்தான் குற்றம் சொல்வார்கள். ஒற்றை சிலிண்டர் என்ஜின்கள் பலவற்றில், கிளப்பும் வேளையில் மட்டும் ஒரு வால்வைச் சற்றே திறந்து பிடித்து, உள்ளே அழுந்தும் காற்றைக் கொஞ்சம் வெளியேற்றும் ஏற்பாடு இருக்கிறது. வால்வின் இடைவெளி சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நாளடைவில் அது கூடிவிட்டால் காற்று வெளியேறாது, ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்தையும் எதிர்த்துச் சுற்ற முடியாமல் திணறும். பட்டறையில் அளவுத் தகடு வைத்து இடைவெளியைச் சரி செய்தால் அதே பழைய பேட்டரியிலேயே என்ஜின் கிளம்பும்.

என்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைத் தேட வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. தீப்பொறியைச் சோதிப்பவர் பிளக்கின் துவாரத்துக்கு அருகில் அதைச் செய்யக் கூடாது, அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும்.

இத்தகைய என்ஜின்களில் பெரும்பாலும் தீப்பொறிக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. சுற்றும் சக்கரத்தில் பதித்த காந்தமும் பக்கத்திலுள்ள சுருளும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. என்ஜினை நிறுத்துவதற்காகச் சுருளிலிருந்து ஒரு மெல்லிய வயர் சாவிக்குப் போகும். அது இரும்போடு தொட்டால் தீப்பொறி நின்றுவிடும். அந்த வயரின் உறை எங்காவது உரசித் தேய்ந்திருந்தால், சாவியை அணைத்துவிட்டதாகவே என்ஜின் எடுத்துக்கொள்ளும். சுருள் கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் அந்த வயரைப் பார்ப்பது நல்லது.

பெட்ரோல் வராததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய பெட்ரோல்தான். பல வாரம் தேங்கினால் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். வடிகட்டியும், தொட்டி மூடியின் காற்றுத் துளையும் அடைத்திருக்கலாம். பல கார்புரேட்டர்களின் அடியில் ஒரு சிறு மின்வால்வு உண்டு. சாவியைத் திருப்பும்போது அங்கே 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதற்கு மின்சாரம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மீண்டும் இருக்கை சுவிட்சுக்கு வருவோம். அதில்தான் கோளாறு என்று தெரிந்ததும், இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. வண்டியும் உடனே கிளம்பிவிடும், யாருக்கும் குறை தெரியாது. கத்தி சுற்றும்போது ஓட்டுபவர் எழுந்தாலோ விழுந்தாலோ என்ஜினை நிறுத்துவதற்காக வைத்த சுவிட்ச் அது. கத்தியின் முனை மணிக்கு 300 கிலோமீட்டர் அளவு வேகத்தில் ஓடும். மேட்டில் வண்டி கவிழ்ந்தால் அந்தக் கத்தி நிற்காது. வயரை முறுக்கியவருக்காவது அது தெரியும்; அடுத்த மாதம் அதே வண்டியில் ஏறும் புதிய தொழிலாளிக்குத் தெரியாது.

புது சுவிட்சின் விலை பேட்டரியைவிடக் குறைவு. அது வந்து சேரும்வரை வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும். திடலின் ஓரங்களையாவது தோளில் மாட்டும் இயந்திரத்தால் அன்றைக்கு வெட்டிவிடலாம்.