நெஞ்சுவலியும் நமது மலைப்பாதையும்

இஷாவுக்குப் பின் தேவர்சோலையில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், 'வாயுதான்' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிறோம். பிறகுதான் வண்டி தேடுகிறோம். பந்திப்பூர் வழியே மைசூர் செல்லும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை சாதாரண வண்டிகளுக்கு மூடியிருக்கும். கோவைக்கோ ஊட்டி ஏறி இறங்க வேண்டும்.

இப்படித் தூரத்தில் இருப்பவர்களுக்கு என்ன வழி? கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி முதலானோர் தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் இதை ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய மருத்துவமனை தூரமென்றால், சிறிய மருத்துவமனையிலேயே இசிஜி எடுத்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட வேண்டும். அதன்பின் ஆம்புலன்ஸில் அனுப்பி ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பின், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்ந்த மரணங்கள் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே 108ஐ அழைப்போம். இரவிலும் இசிஜியும் அந்த ஊசியும் அருகில் எங்கே கிடைக்கும் என்று இன்றே விசாரித்து வைப்போம். ஊசி போட்டதும் வலி நின்றுவிட்டதென்று வீடு திரும்புகிறவர்களும் நம்மில் உண்டு. கட்டிதான் கரைந்திருக்கும், இரத்தக்குழாயில் படிந்த கொழுப்பும் சுருக்கமும் அப்படியேதான் இருக்கும்.