திரும்பிவந்த பிரதி: மன்னார்க் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

இலக்கிய வரலாறு என்று நாம் எழுதிவருவது பெரும்பாலும் அச்சேறிய நூல்களின் வரலாறே ஆகும். அனுப்பப்பட்டுத் திரும்பிவந்த பிரதிகளைப் பற்றியும், பதிலே வராது போன பிரதிகளைப் பற்றியும் அது பேசுவதில்லை. ஆயினும் எழுதத் தொடங்குவோரிற் பெரும்பாலோர் முதலிற் சந்திப்பது மறுப்பையே. அதன் பின்னரும் எழுதுவோர் யார், எழுதுவதை விட்டுவிடுவோர் யார் என நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஓய்வும் பணமும் தொடர்புகளும் உடையவர் தம் ஆக்கத்தை இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் அனுப்பிப் பார்க்கின்றார். கரைவலை இழுக்கும் குடும்பத்திலிருந்து முதன்முறையாகப் பேனா பிடித்தவரோ, வந்த மறுப்பைத் தம் தகுதி பற்றிய இறுதித் தீர்ப்பாகக் கொண்டு ஒதுங்கிவிடுகின்றார். எனவே, மறுப்பை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் வினா தனிமனித மனத்திண்மை பற்றியது மாத்திரமன்று. எவருடைய குரல் இலக்கியத்தில் எஞ்சும் என்பதும் அவ்வினாவினுள் அடங்கும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு மன்னார்த் தீவும் அதன் எதிரேயுள்ள மாதோட்டப் பெருநிலமும் தக்க களமாகும். அச்சுக்கும் அச்சேறாமைக்கும் இடையிலான உறவு இக்கரையில் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுக் கால வரலாறுடையது. மூன்று கட்டங்களை மாத்திரம் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தமிழ் அச்சின் தொடக்க காலம். அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் அறியப்படும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் போர்த்துக்கலிற் பிறந்தவர். யூத வழியினர் என்னும் காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் 1545இல் இயேசு சபையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டு கோவா வந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றினார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிப் பரதவரிற் சிலரை அங்கே குடியேற்றியபோது அவரும் மன்னாருக்கு வந்தார். 1560களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கடிதங்களிற் சில மன்னாரிலிருந்தே எழுதப்பட்டவை.

அவருடைய நூல்களுள் 1578இற் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’, 1579இற் கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ ஆகியன தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறுவன. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னர், 1549ஆம் ஆண்டளவில், அவர் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணத்தை எழுதியிருந்தார். நன்னூல் வழிவந்த செந்தமிழை அன்றி, கரையோர மக்களின் பேச்சு வழக்கையே அது பெரிதும் விளக்குகின்றது. அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1600இல் அவர் காலமானார். லிஸ்பனில் உள்ள தேசிய நூலகத்திற் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த அவ்விலக்கணம் 1982இலேயே ஹைடல்பேர்க்கிற் பதிப்பிக்கப்பட்டது. ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹாவாட் கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது. இடைப்பட்ட காலம் 430 ஆண்டுகளுக்கும் மேலாகும்.

ஒரே ஆசிரியரின் ஒரு நூல் அச்சேறுகின்றது, மற்றொன்று அச்சேறவில்லை. இவ்வேறுபாட்டை நூல்களின் தரத்தைக் கொண்டு விளக்க இயலாது. வணக்க நூல்களுக்குப் பெருந்தொகையான மக்களிடையே பயன் இருந்தது. அச்சுப் பணிக்குப் பரதவ மக்களே பொருள் உதவினர். மதம் பரப்பும் நிறுவனத்தின் தேவையும் அதுவாகவே இருந்தது. இலக்கணமோ புதிதாக வந்த பாதிரிமார் சிலருக்கு மாத்திரம் வேண்டியது. அதற்குக் கைப்பிரதிகளே போதுமானவை. மறுப்புக் கடிதம் எதுவும் எழுதப்படாமலே ஒரு நூல் அச்சுக்கு வெளியே நிறுத்தப்படலாம் என்பதை இது காட்டுகின்றது. பதினாறாம் நூற்றாண்டுக் கடற்றொழிலாளரின் பேச்சுத் தமிழ் அவ்வாறு வெளியே நின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது கட்டம் மன்னார்க் கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபாகும். இம்மரபில் வடபாங்கு, தென்பாங்கு என இரு பாங்குகள் உண்டு. முன்னையது யாழ்ப்பாணப் பாங்கு எனவும் பின்னையது மாதோட்டப் பாங்கு எனவும் வழங்கும். பல இரவுகள் நீண்டு செல்வது ‘நாடகம்’. ஓரிரவில் முடியத்தக்கதாகச் சுருக்கி அமைக்கப்படுவது ‘வாசகப்பா’. மக்கள் வழக்கில் அது ‘வாசாப்பு’ ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இயங்கிய அச்சுக்கூடங்கள் பழைய இலக்கியங்களையும் இலக்கணங்களையும் சமய நூல்களையும் வெளிக்கொணர்ந்தன. கூத்து நூல்களைப் பண்டித உலகம் இலக்கியமாகக் கருதவில்லை. கருதாததை அச்சிடவேண்டிய அவசியமும் அதற்கு இருக்கவில்லை.

ஆயினும் அந்நூல்கள் அழிந்துவிடவில்லை. அண்ணாவியார் ஏட்டைப் பேணினார். பின்னர் அது கொப்பியில் எழுதப்பட்டது. நடிப்போர் தத்தம் பாத்திரத்துக்குரிய பாட்டுக்களைப் பாடமாக்கினர். திருவிழாக் காலத்தில் ஊரே வரி வைத்து, கொட்டகை கட்டி, விடிய விடிய ஆடிப் பார்த்தது. ஒரு நூல் வாழ்வதற்கு வேண்டிய பொருளாதார அடிப்படையை, அச்சுக்கூடத்துக்குப் பதிலாக, ஊர்ச் சமூகமும் கோயிலும் வழங்கின. 1960களிலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இவற்றிற் சிலவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தார். ‘என்றிக் எம்பரதோர் நாடகம்’ 1964இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும், ‘ஞானசவுந்தரி நாடகம்’ 1967இலும் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. அச்சு அவற்றைத் தேடி வந்த வேளையில், அவை ஏற்கெனவே பல தலைமுறை மக்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டு ஆடப்பட்டவையாக இருந்தன.

இதனை நாம் மிகைப்படுத்திக் கூறலாகாது. ஊரும் தனக்கு வேண்டாததை மறுத்தது. கோயிலுக்கு ஒவ்வாத கதை கோயில் வீதியில் ஆடப்படுவது எளிதன்று. ஆகவே அச்சு உலகம் கொடுமையானது, மக்கள் உலகம் தூயது என்னும் எளிய முடிவுக்கு வரவேண்டியதில்லை. ஏற்பும் மறுப்பும் எங்கும் உண்டு. அவற்றை முடிவுசெய்யும் அடிப்படை இடத்துக்கு இடம் மாறுபடும் என்பதே இங்கு நாம் பெறும் செய்தி.

மூன்றாவது கட்டம் நமக்கு அண்மையது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டு, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவை தொடங்கியது. கொழும்பையும் சென்னையையும் இணைத்த இவ்வழியே தபாலும் சென்றது. தமிழகத்துச் சஞ்சிகைகளில் தம் கதை வெளிவருவதே எழுத்தாளன் என்னும் தகுதிக்குச் சான்று என்று ஈழத்து எழுத்தாளர் பலர் எண்ணியிருந்த காலம் அது. தமிழகத்து இதழ்களின் சந்தையாக ஈழம் இருந்தது. ஈழத்து எழுத்துக்கு அச்சந்தையில் இடம் அரிதாகவே கிடைத்தது. ஈழத்துப் பேச்சு வழக்கில் அமைந்த கதைகளைப் படிக்க அடிக்குறிப்பு வேண்டும் என்ற குரலும் எழுந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துடன் தொடர்ந்த கப்பற் சேவையும் 1984இல் நின்றது.

இந்நிலைக்கு எழுத்தாளர் அளித்த விடை முக்கியமானது. வ. விஜயபாஸ்கரன் சென்னையிலிருந்து 1955 தொடக்கம் 1962 வரை நடத்திய ‘சரஸ்வதி’ ஈழத்து முற்போக்கு எழுத்தாளருக்கு இடமளித்தது. சாதிக் கொடுமையை நேரில் அனுபவித்தவரும் சிகை அலங்கரிப்புத் தொழிலாளியுமான டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் சரஸ்வதி வெளியீடாக வந்து, அடுத்த ஆண்டில் இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. அவர் அத்துடன் அமையவில்லை. 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கி, தாமே தெருத்தெருவாகக் கொண்டு சென்று விற்று, 2012 வரை அதனை நடத்தினார். தமக்குக் கிடைத்த ஓர் இடத்தைப் பிறருக்குரிய இடமாக விரித்தமையே அவருடைய சாதனை. 1970களில் தமிழகத்து இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்நாட்டு வெளியீடுகள் பெருகியதையும் இங்கு நினைவுகொள்ளலாம். முன்னர் தகுதியற்றவை எனக் கொள்ளப்பட்ட எழுத்துக்கள், சந்தை மாறியதும் வாசகரைப் பெற்றன.

இம்மூன்று கட்டங்களையும் நோக்குவோர், மறுப்பு எப்பொழுதும் அதிகாரத்தின் செயலே, ஆகவே திரும்பிவந்த பிரதிகள் யாவும் சிறந்தவை என்று கருத இடமுண்டு. அது பிழையான முடிவு. எமது அனுபவம் ஒன்றை இங்கு கூறுதல் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மன்னார்த் தீவின் கரைவலைத் தொழிலாளர் வலையிழுக்கையிற் பாடும் அம்பாப் பாடல்களைச் சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் இடையிலான பங்கு முறையுடன் தொடர்புபடுத்தி ஒரு கட்டுரை எழுதினோம். அதனை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். எட்டு மாதங்களின் பின் இரண்டு வரிக் கடிதத்துடன் அது திரும்பிவந்தது. காரணம் கூறப்படவில்லை. உழைக்கும் மக்களைப் பற்றி எழுதியமையாலேயே மறுத்துவிட்டனர் என்று நண்பர்களிடம் கூறித் திரிந்தோம். அவ்வாறு கூறுவதில் ஒருவகை இன்பமும் இருந்தது.

பின்னர் பேசாலைக்குச் சென்றிருந்த ஒரு மாலையில், பாடல்களைப் பாடிக்காட்டிய முதியவர்களுக்கே அக்கட்டுரையை வாசித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்ட பின் ஒருவர் சொன்னார்: “தம்பி, நீங்கள் எழுதினது வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இந்தப் பாட்டு மடி கரைக்குக் கிட்ட வாற நேரம் படிக்கிறது. நீங்கள் அதைத் தொடக்கத்திலை வைச்சிட்டீங்கள். தொடக்கத்திலை இந்த வேகத்திலை இழுத்தால் ஆள் செத்துப்போவான்.” எமது வாதத்தின் பாதி அப்பாட்டின் வேகத்தை ஆதாரமாகக் கொண்டது. உழைப்பைப் பற்றி எழுதிய நாம் உழைப்பின் ஒழுங்கை அறிந்திருக்கவில்லை. இதழாசிரியர் இப்பிழையைக் கண்டாரோ இல்லையோ, கட்டுரை மறுக்கப்படத்தக்கதாகவே இருந்தது. வர்க்கச் சார்பு என்னும் விளக்கத்தை எமது குறையை மறைக்கும் திரையாக நாம் பயன்படுத்தியிருந்தோம். பதினான்கு மாதங்கள் கழித்து, திருத்தி எழுதிய கட்டுரை வேறோர் இதழில் வெளிவந்தது.

ஆகவே மறுப்பை இரு வகையாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஒன்று, பிரதியின் குறையால் வருவது. மற்றையது, வெளியிடும் நிறுவனத்தின் தேவை, சந்தை, கருத்துநிலை ஆகியவற்றால் வருவது. நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும். கடிதத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. பிரதியைக் கொண்டே அறியலாம். அதற்குச் சில வழிகள் உள.

மறுப்பு வந்தவுடன் விடை எழுதலாகாது. பிரதியைத் திருத்தவும் முற்படலாகாது. சில வாரம் அதனை வைத்திருந்து, பிறர் எழுதியதைப் போல வாசித்தல் வேண்டும். அடுத்து, எவரைப் பற்றி எழுதினோமோ அவருக்கு வாசித்துக் காட்டுதல் வேண்டும். அவர் சலிப்படையும் இடமும் சிரிக்கும் இடமும் எந்த ஆசிரியரின் குறிப்பிலும் பயன் மிக்கவை. காரணம் கூறி மறுத்தவரின் காரணத்தை, அவர்மீதுள்ள கோபத்தைப் பிரித்துவைத்து, ஆராய்தல் வேண்டும். அனுப்பிய இதழ் எத்தகைய ஆக்கங்களை வெளியிடுகின்றது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளல் வேண்டும். கூத்தைக் கொண்டுபோய் இலக்கண அச்சுக்கூடத்தில் நீட்டிவிட்டு மனம் வருந்துவதிற் பயனில்லை. இவ்வளவும் செய்த பின்னரும் பிரதியில் நம்பிக்கை நிலைத்திருப்பின், மாற்றமின்றி வேறிடத்துக்கு அனுப்புதல் வேண்டும். திருத்தத்தக்கதைத் திருத்த மறுப்பதும், திருத்தத் தேவையற்றதை அஞ்சித் திருத்துவதும் ஒரேயளவு தவறானவையே.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பிரதியை வைத்திருக்கலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீள வழியின்றி அழிந்தன. 1990இல் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போர்க் காலம் முழுவதும் இக்கரையின் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுபவர் கொப்பியை எடுப்பதில்லை. அண்ணாவியார் மரபு படியெடுத்தே வாழ்ந்தது என்பதை மறந்துவிடலாகாது. இன்று நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்கள் அச்சேறாத எழுத்துக்களையும் பேணும் வாய்ப்பைத் தருகின்றன.

இவை தனியொருவர் செய்யத்தக்கவை. ஆனால் நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட அந்த இளைஞர் தனியே இருப்பதனாலேயே ஒதுங்கிவிடுகின்றார். அவருக்கு வேண்டியது ஆறுதலுரையன்று. தம் எழுத்தைக் கேட்டுப் பிழை சொல்லும் நாலு பேரே அவருக்கு வேண்டும். கூத்தை வாழவைத்த ஊருக்குப் பதிலாக இன்று நாம் அமைக்கத்தக்கது அத்தகைய வாசிப்பு வட்டமாகும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் பரிசு பெற்ற ஆக்கங்களுக்கு விழா எடுக்கின்றன. ஆண்டில் ஒரு நாளைத் திரும்பிவந்த பிரதிகளுக்கு ஒதுக்கினால் என்ன? எழுதியவர் வாசிக்கட்டும், மறுக்கப்பட்டமைக்குரிய காரணத்தைக் கூடியிருப்போர் ஆராயட்டும், குறை பிரதியிலாயின் அதனைத் துணிந்து கூறட்டும், குறை வெளியிடுவோரிலாயின் அதனை வெளியிடும் பொறுப்பைச் சங்கமே ஏற்கட்டும். முதலாவது அமர்வை மன்னாரில் நடத்தலாம் என்பது எமது கருத்து. பேசாலை முதியவர்களையும் அழைத்தல் வேண்டும்.