ஆறு தெரிவுகளில் ஓர் இடம்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் சந்தைப்படுத்தல் படிக்கிறேன். வேலைப் பயிற்சிக்காக நண்பர்கள் வங்கி, கடைத்தொகுதி என்று போனபோது, நான் படித்த கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கே நான் திரும்பினேன். பள்ளியின் பொது வரவேற்பு நாளுக்கு மாணவிகளை வரவழைப்பது என் பணி.

“அரசாங்க உதவிபெறும் பள்ளிக்கு விளம்பரம் எதற்கு?” என்று தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சிங்கப்பூரில் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாறு நீண்டது. செயின்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷன் 1852லும் விக்டோரியா ஸ்திரீட் கான்வென்ட் 1854லும் தொடங்கப்பட்டவை. ஆனால், பழம்பெருமை மட்டும் வகுப்பறையை நிரப்பாது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததால் 2019ல் எட்டுத் தொடக்கக்கல்லூரிகள் நான்காக இணைந்தன. 2023ல் நம் மொத்தக் கருவள விகிதம் 0.97க்கு இறங்கியது.

நான் முதலில் கற்றது, பள்ளியில் இடத்தை விற்க முடியாது என்பதுதான். நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் தேர்வானோரைத் தவிர மற்றவர்களுக்கு பிஎஸ்எல்இ மதிப்பெண்ணே வழிகாட்டும். மாணவர் ஆறு பள்ளிகளைத் தெரிவு செய்யலாம். அந்த ஆறில் ஒன்றாக வருவதற்கு மட்டுமே நாம் முயல முடியும். இணைப்புத் தொடக்கப்பள்ளி மாணவர், முதல் தெரிவாகப் போட்டால் முன்னுரிமை உண்டு. அதேவேளை, இணைப்பில்லாத பள்ளிகளிலிருந்து வருவோருக்கு 20 விழுக்காட்டு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இதை ஓர் அட்டையில் எழுதி வைத்தோம். பல பெற்றோர் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து, யார் எதைக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். அப்பாக்கள் மதிப்பெண்ணைக் கேட்டார்கள். பிள்ளைகள் இணைப்பாட நடவடிக்கைகளையும் உணவகத்தையும் பற்றிக் கேட்டார்கள். ஓர் அம்மா தயங்கித் தயங்கி, “நாங்க கோயிலுக்குப் போறவங்கம்மா. இங்க பிள்ளைய ஜெபம் பண்ணச் சொல்வாங்களா?” என்றார். “கட்டாயம் இல்ல ஆன்ட்டி. நானும் இந்துதான், நாலு வருஷம் இங்கதான் படிச்சேன்” என்றேன். எந்தக் காணொளியும் தராத நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

சிக்கல் தமிழில்தான் வந்தது. எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. தமிழ் மாணவிகள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குச் செல்ல வேண்டும். பள்ளி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பீட்டி சாலைக்கு ஓடியவள் நான். கையேட்டின் வரைவில் இந்த விவரமே இல்லை. “எழுதினால் தமிழ்க் குடும்பங்கள் வராமல் போகலாம்” என்றார் குழுவில் ஒருவர். “எழுதாவிட்டால் ஜனவரியில் அவர்களுக்கே தெரிந்துவிடும்” என்றேன். பொறுப்பாசிரியர் சற்று யோசித்துவிட்டு, “பயண நேரத்தையும் சேர்த்துப் போடும்மா” என்றார்.

அதைப் படித்துவிட்டு, “பிள்ளைக்கு அலைச்சல்” என்று கிளம்பிய குடும்பமும் உண்டு. “அங்க உயர்தமிழ் எடுக்கலாமா?” என்று உட்கார்ந்து விசாரித்த தந்தையும் உண்டு. இருவருமே தெரிந்து முடிவெடுத்தார்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அடுத்த நான்கு ஆண்டுகள் அந்த முடிவில் இருக்கின்றன.

உங்கள் பள்ளியின் பொது வரவேற்பு நாளில் உதவ அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். பள்ளியின் சிறப்புகளோடு அங்கு இல்லாதவற்றையும் தெரிந்துகொண்டு போங்கள். பெற்றோர் அதிகம் கேட்பது அவற்றைத்தான்.