சாயம் பூசி வந்த கப்டன் நேமோ

ஊமைப்பட காலத்து விஞ்ஞானப் புனைகதைப் படங்களில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்று தேடிப் போனால், முதலில் அகப்படுவது சந்திரவாசிகள்தான். 1902 இல் பிரான்சின் ஜோர்ஜ் மெலியே எடுத்த சந்திரப் பயணப் படத்தில், பூமியிலிருந்து போன பேராசிரியர்கள் குடையால் ஓர் அடி அடிக்க, சந்திரவாசிகள் புகையாகிப் போகிறார்கள். ஒருத்தன் மட்டும் பூமிக்கு வந்து சேர்ந்து, ஊர் நடுவில் வேடிக்கைப் பொருளாகிறான். குடியேற்ற நாட்டு மக்களை ஐரோப்பியக் கண்காட்சிகளில் நிறுத்திக் காட்டிய காலம் அது. மெலியே அதைக் கிண்டல் பண்ணினார் என்பாரும் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் முழு மனிதனாக, அதுவும் பெரும் விஞ்ஞானியாக, ஓர் இந்தியர் வருகிற படமும் அக்காலத்தில் உண்டு. கப்டன் நேமோவைத்தான் சொல்கிறேன்.

ஜூல்ஸ் வேர்ண் 1870 இல் எழுதி முடித்த 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலில் நேமோ எந்த நாட்டவர் என்று சொல்லப்படவில்லை. ஒரு குறிப்பு மட்டும் உண்டு. எங்கட மன்னார் முத்துச் சலாபத்தில், ஓர் ஏழை இந்திய முத்துக்குளிப்பாளியைச் சுறாவிடமிருந்து மீட்டு, முத்துப் பையொன்றையும் கொடுத்துவிட்டு, அவன் ஒடுக்கப்பட்ட நாட்டான், நானும் அப்படித்தான் என்கிற கருத்தில் நேமோ பேசுவார். 1875 இல் வந்த 'மர்மத் தீவு' மீதியைச் சொல்கிறது. அவர் புந்தேல்கந்து இளவரசர் தக்கார். திப்பு சுல்தான் இவருக்கு மாமா முறை. 1857 கிளர்ச்சியில் குடும்பத்தை இழந்தவர். மைசூருக்கும் புந்தேல்கந்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் இந்த உறவு கொஞ்சம் இழுபறிதான். வேர்ண் அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டு நாவலையும் சேர்த்து 1916 இல் அமெரிக்காவின் யுனிவர்சல் கம்பனி படமாக்கியது. இயக்கியவர் ஸ்டூவர்ட் பேட்டன். வில்லியம்சன் சகோதரர்கள் பஹாமாஸ் கடலில் நீண்ட குழாயொன்றை இறக்கி, அதன் அடியில் கண்ணாடி பதித்த அறைக்குள் கமராவை வைத்துக் கடலடியைப் பிடித்தார்கள். கடலை நிசமாகக் காட்ட இவ்வளவு பாடுபட்டவர்கள் நேமோவுக்கு ஓர் இந்தியரைத் தேடவில்லை. அலன் ஹொலுபார் என்ற அமெரிக்கர் முகத்தில் கறுப்புச் சாயமும் வெள்ளைத் தாடியுமாக வந்தார். மகளாக நடித்த ஜேன் கேயிலுக்கும் அதே சாயம்தான். ஆசிய முகத்தை அமெரிக்க ரசிகர் ஏற்கமாட்டார் என்று சமாதானம் சொல்ல ஏலாது. ஜப்பானியரான செஷூ ஹயகாவா 1915 இலேயே அங்கு நட்சத்திரம்.

சாயத்தைவிட என்னை உறுத்துவது கதையில் செய்த மாற்றம். நாவலில் நேமோவின் பகை பிரிட்டிஷ் ஆட்சியோடு. படத்திலோ சார்ள்ஸ் டென்வர் என்ற ஒரு வியாபாரியோடு. அவன் நேமோவின் மனைவியிடம் தகாத முறையில் நடக்கப் போக, அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவன் மகளையும் தூக்கிப்போய்த் தீவில் விடுகிறான். நாடிழந்தவனின் கோபம் குடும்பப் பழியாகச் சுருங்கிவிட்டது.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, படத்தில் பெரிய அறிவாளி அவர்தான். வெள்ளைக்காரப் பேராசிரியர் அவருடைய கப்பலில் பாதி விருந்தாளி, பாதிக் கைதி. முத்துக்குளிப்பாளியை மீட்பவரும் அவர்தான்; மன்னார்ச் சுறா இங்கே ஒக்டோபஸ் ஆகியிருக்கிறது.

1954 இல் டிஸ்னி இதே கதையை எடுத்தபோது அந்த இந்தியரும் இல்லாமல் போனார். நேமோ, ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன். நசீருத்தீன் ஷா தலைப்பாகையோடு நேமோவாக ஹொலிவுட் திரைக்கு வந்தது 2003 இல்.